மரக் கணவரின் வலது காது

வெள்ளிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு, தன் மறுவுலகத்துக் கணவருக்கு ஷியா வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அம்லான், கையில் இருப்பது வேறு யாரோ என்று கண்டுபிடித்தாள்.

கண்ணால் அல்ல, கட்டைவிரலால். பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் அவரைத் துடைத்து, எண்ணெய் பூசி, முன்னால் ஒரு பச்சை முட்டையை உடைத்து வைத்து வருகிறாள். விரலுக்கு வழி தெரியும். தாடியிலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து வலது காது. அந்தக் காதின் மேல் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் வீடு மாற்றியபோது லாரியிலிருந்து விழுந்த அடி. இன்று விரல் போய்த் தேடியது. காது முழுசாக இருந்தது.

விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். இடது காதில் சில்லு இருந்தது. முதுகைப் பார்த்தாள். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு இருக்க வேண்டிய கருகல், மண்ணெண்ணெய் விளக்கு சுட்ட தழும்பு, இல்லை. இடுப்பில் இருந்த வெள்ளைப் பாசிமணி மட்டும் அவள் கோத்ததுதான்.

அம்லான் கத்தவில்லை. கையில் இருந்த மரச்சிலையைப் பாயில் வைத்தாள். வெளி அறைக்குப் போனாள். வெள்ளி இரவு மரக் கணவருக்கு உரியது என்பதால் அங்கே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த உயிருள்ள கணவன் அல்லூவைப் பார்த்து, "அவரை என்ன பண்ணே?" என்று கேட்டாள். அவன் விழித்தான். அதன்பிறகு மூன்று நாள் அவள் அவனோடு பேசவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அலானிக்ரோ காவல் முகாமில் புகார் பதிவானது. அலானிக்ரோ, புவாகேயிலிருந்து தலைநகர் வழியாக அபிஜானுக்குப் போகிற நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர். பஸ்கள் பத்து நிமிடம் நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தை நம்பி அம்லானின் சாப்பாட்டுக் கடை. இடித்த வள்ளிக்கிழங்கும் கத்திரிக்காய்க் குழம்பும் அவள் கடையில் சாப்பிடாத ஓட்டுநர் கிடையாது.

கேப்டன் ஸெரி மேற்குப் பக்கத்துக்காரர், அம்லானைப் போலப் பாவுலே இனம் இல்லை. பிறப்பதற்கு முன் மறுவுலகத்தில் வாழ்ந்த துணைக்கு மரத்தில் உருவம் செய்து, வாரத்தில் ஓர் இரவை அதற்கு ஒதுக்குவது பாவுலே வழக்கம். ஒரு பெண்ணுக்கு இரண்டு கணவன், அதில் ஒன்று மரம் என்ற விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அதை மீசைக்குள் வைத்துக்கொண்டு சார்ஜென்ட் லூக்குவைக் கூப்பிட்டார். "உங்க ஊர்ச் சமாச்சாரம். நீயே பாரு" என்றார்.

லூக்கு நாற்பத்தொரு வயதுக்காரி. கனத்த உடம்பு, மெதுவான நடை. எதையும் இரண்டு தடவை கேட்பாள், இரண்டாம் தடவை முதல் தடவை போலவே கேட்பாள். பொய் சொல்கிறவர்களுக்கு அது பிடிக்காது.

ஒன்பதரைக்கு அவள் அம்லானின் படுக்கையறையில் நின்றாள். சின்ன அறை. ஒரே ஒரு ஜன்னல், இரும்புக் கம்பி போட்டது. காற்றுக்காகப் பகலில் திரையை ஒதுக்கிவிடுவார்களாம். ஜன்னல் இருக்கும் அதே சுவரோடு ஒட்டி, மூலையில், முக்காலி. அதன்மேல்தான் அவர் நிற்பார். வெளியே ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தாலும் அந்த மூலை தெரியாது. அதற்காகவே அங்கே வைத்ததாக அம்லான் சொன்னாள். எதிர்ச் சுவரில் துணி அலமாரி. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. லூக்கு அதில் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். ஜன்னலுக்கு வெளியே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுப் பக்கச் சுவரில் சாய்ப்பு இறக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். பக்கோம் என்ற தையல்காரன் அங்கே இருந்தான்.

பூட்டு உடையவில்லை. கம்பி வளையவில்லை. வந்தவன் சாவியோடு வந்திருக்கிறான், அல்லது வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கவே வந்திருக்கிறான்.

கடைசியாக உண்மையான அவரைத் தொட்டது செவ்வாய்க்கிழமை என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அன்று அங்காமான் என்ற மரச்சிற்பி வந்தான். பீடத்தில் கரையான் அரிப்பதுபோல இருக்கிறது என்று அம்லான் கூப்பிட்டிருந்தாள். அவன் மருந்தெண்ணெய் பூசினான். அம்லான் குழம்பு தீய்கிறது என்று கடைக்கு ஓட, அவன் பத்து நிமிடம் அந்த அறையில் தனியாக இருந்தான்.

இந்த இடத்துக்கு வந்ததும் கேப்டன் போதும் என்றார். அந்தச் சிலை அங்காமானின் செத்துப்போன தகப்பன் செதுக்கியது. அந்த மனிதர் கைபட்ட உருவங்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். கடைக்குச் செய்ததை அவர்கள் தொடுவதில்லை. ஒரு வீட்டில் இருந்து, எண்ணெய் குடித்து, முட்டை காய்ந்து, கைபட்டுத் தேய்ந்ததுதான் வேண்டும். அங்காமான் இரண்டு தடவை அதைத் தனக்கே திருப்பித் தரச்சொல்லி அம்லானிடம் கேட்டிருக்கிறான். இந்த வட்டாரத்தில் அப்படி ஒரு நகல் செதுக்கக்கூடிய கையும் அவனுடையதுதான். மதியம் பன்னிரண்டுக்கு அவனைக் கூட்டிவந்து அடைத்தார்கள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அங்காமானிடம் லூக்கு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்தக் காது உடைஞ்சது?"

"வலது."

"எந்தக் காது?"

"வலது காதுதான் சார்ஜென்டம்மா. பெயர்ந்த சில்ல ஒட்டித் தரவான்னு நான்தான் கேட்டேன். வேணாம், அடிபட்டாலும் என் புருஷன்தான்னுட்டாங்க."

லூக்கு கேப்டனிடம் போனாள். எங்கே உடைந்தது என்று தெரிந்தவன் ஏன் வேறு பக்கம் உடைக்கப்போகிறான் என்றாள். அவசரத்தில் இடம் வலம் மாறும் என்றார் கேப்டன். முதுகில் இருக்கும் தழும்பையும் மறந்துவிட்டானா என்றாள். கேப்டன் மீசையைத் தடவினார். திங்கள் மாலை நீதிபதியிடம் அனுப்பவேண்டும், அதுவரைக்கும் உன் இஷ்டம் என்றார்.

அன்று மூன்று மணிக்கு அல்லூவை அவன் வேலை செய்யும் முந்திரிக் கிடங்கில் பிடித்தாள். மூட்டைகளை எடைபோட்டுக்கொண்டிருந்தான். பெண்டாட்டியே தன்னைச் சந்தேகப்படுவது ஊருக்குத் தெரிந்துவிட்ட அவமானத்தில் முகம் சுண்டிப்போயிருந்தது.

"அவர் மேல உனக்குக் கோவமா?"

"எனக்கு வாரத்துல ஆறு நாள், அவருக்கு ஒரு நாள். அவர் திங்கறது ஒரு முட்ட. நான் திங்கறத அவகிட்டக் கேளுங்க. கோவம் வந்தா அவருக்குத்தான் வரணும்."

"எந்தக் காது உடைஞ்சது?"

"வலது. லாரியில சாமான் ஏத்துனது நான்தான? கயிறு சரியாக் கட்டலன்னு இன்னிவரைக்கும் திட்டு வாங்கறேன்."

அவன்தான் ஒரு விஷயத்தைச் சொன்னான். வியாழக்கிழமை பக்கத்து ஊரில் ஒரு சாவு. காலையில் வீடே கிளம்பிப் போனது. கோழிகளுக்குத் தீனி போடச்சொல்லி சாவியைத் தையல்காரன் பக்கோமிடம் கொடுத்துப் போனார்கள். அது வழக்கம்தான். அம்லானின் தங்கை அஹூ, கடையைத் திறக்கவேண்டும் என்று நடுப்பகலிலேயே திரும்பிவிட்டாள். அவளிடம் இன்னொரு சாவி உண்டு. அல்லூ மூன்று மணிக்கு வந்தான். அம்லான் வர இருட்டிவிட்டது. ஆக, வியாழக்கிழமை மூன்று பேர் அந்த வீட்டில் தனித்தனியாக இருந்திருக்கிறார்கள்.

அஹூ கேள்வியை முடிக்கவிடவில்லை. எந்தக் காது என்றதும் கை தானாகப் போய்த் தன் வலது காதைத் தொட்டது. தினமும் அந்த அறையைப் பெருக்குகிறவள் அவள்.

பக்கோம் மிஷினை நிறுத்தாமலே பேசினான். பிரார்த்தனைக் கூட்டத்தில் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறதாம். கோழிக்கு மக்காச்சோளம் போட்டேன், தண்ணீர் வைத்தேன், பூட்டினேன் என்றான்.

"எந்தக் காது உடைஞ்சது?"

"எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொம்மைய இன்னிவரைக்கும் கண்ணால பார்த்ததில்ல. அந்தப் பக்கம் தலையத் திருப்பறதுகூட இல்ல. பாவம், அம்லான் அக்கா நல்ல பொம்பள. மரத்தக் கும்பிட்டுக் கெடுது."

லூக்கு தலையாட்டினாள். சீருடைக் கால்சட்டை இடுப்பில் இறுக்குகிறது, ஒருநாள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, நகலைத் துணியில் சுற்றிக்கொண்டு லான்சினேயின் கடைக்குப் போனாள். லான்சினே ஜூலா இனத்துச் சிலை வியாபாரி. கடை முன்புறம் பஸ் பயணிகளுக்கான முகமூடிகள் வரிசையாகத் தொங்கும், போன வாரம் செதுக்கி நேற்றுக் கறுப்படித்தவை. உள்ளறையில் இருப்பது வேறு சரக்கு, வேறு ஆட்களுக்கு.

அம்லானிடம் விலை கேட்டது உண்மை என்று அவனே சொன்னான். மூன்று தடவை கேட்டானாம், மூன்று தடவையும் அவள் குழம்புக் கரண்டியைக் காட்டினாளாம். சிலையை அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. யார் செதுக்கியது என்று தெரியும், அது போதும்.

நகலைக் கையில் வாங்கினான். முதலில் மோந்து பார்த்தான்.

"ஷூ பாலிஷ். கோலாக் கொட்டைச் சாறு. கொஞ்சம் அடுப்புக்கரி" என்றான். பிறகு முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான், மறுபடி முன்பக்கம் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு மரியாதை வந்தது.

"செஞ்சவன் கெட்டிக்காரன். முன்னாடி பாருங்க, தாடியில ஒவ்வொரு இழையும் நிச்சயமா இறங்கியிருக்கு. பின்னாடி கை தயங்குது. குண்டி, முதுகு எல்லாம் சும்மா ஊகம். இது போட்டோ பாத்துச் செஞ்சது சார்ஜென்டம்மா. அசலைக் கையில வச்சிருந்தவன் செஞ்சதில்ல."

"யாரு போட்டோ எடுத்திருப்பா?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் கரண்டியடி வாங்கப் போறேன்?"

மதியம் அம்லான் சத்தியம் செய்தாள். அவரை யாரும் போட்டோ எடுத்ததில்லை, எடுக்க விட்டதில்லை. அஹூவின் போனையும் அல்லூவின் போனையும் லூக்கு முழுசாகப் பார்த்தாள். சாவு வீட்டுப் படங்களும், முந்திரி மூட்டைகளும், யாரோ ஒருத்தியின் குழந்தையும் இருந்தன. ஜன்னல் வழியாக எடுத்திருக்கலாமோ என்று வெளியே போய்க் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். முக்காலியின் ஒரு கால்கூடத் தெரியவில்லை. பக்கோம் தேவாலயத்துக்குப் போயிருந்தான். மிஷின்மேல் உறை போட்டிருந்தது.

அன்று இரவு அவள் ஒவ்வொருவராக யோசித்தாள். எண்ணிப் பார்த்தால் எல்லோருக்கும் அந்த வீட்டுக்குள் வழி இருந்தது. அங்காமான், அல்லூ, அஹூ மூவருக்கும் எந்தக் காது என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். முதுகுத் தழும்பும் தெரியும். நகல் செய்யச் சொன்னவனுக்கு இரண்டும் தெரியவில்லை. காது உடைந்திருப்பது தெரிகிறது, ஆனால் பக்கம் மாறுகிறது. முன்பக்கம் மயிரிழைவரை தெரிகிறது, பின்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அப்படிப் பார்த்தவன் யார்? எங்கே நின்று பார்த்தான்?

திங்கள், பிற்பகல் மூன்று இருபது. லூக்கு கால்சட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு தையல் சாய்ப்புக்கு வந்தாள். பக்கோம் இல்லை. பார்சல் போடப் பஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறான், நாலு மணி பஸ்ஸில் வாராவாரம் அபிஜானுக்குத் துணி அனுப்புவான், இப்போது வந்துவிடுவான் என்று அஹூ சொன்னாள். காத்திருக்கலாம் என்று லூக்கு அவன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கனமான உடம்பு, வெயில் வேறு. மிஷினில் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தாள்.

ஜன்னலுக்குள் அவர் நின்றுகொண்டிருந்தார்.

மூலை தெரியவில்லை. முக்காலி தெரியவில்லை. ஆனால் எதிர்ச் சுவரில் அலமாரிக் கண்ணாடி இருந்தது. அதற்குள், தாடியை இரண்டு கையாலும் பிடித்தபடி, நேராக இவளைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றார். விசாரணை முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும் என்று நேற்று லூக்குவே நகலைத் திரும்ப வைக்கச் சொல்லியிருந்தாள். அந்த நகல்தான் கண்ணாடியில் நின்றது. இடது காது உடைந்த நகல். கண்ணாடியில் அதற்கு வலது காது உடைந்திருந்தது.

லூக்கு எழுந்தாள். உருவம் மறைந்தது. உட்கார்ந்தாள். உருவம் வந்தது. அந்த ஸ்டூலின் உயரத்தில், அந்த ஒரு கோணத்தில் மட்டும். தன் போனை எடுத்து, கம்பிகளுக்கு நடுவே நீட்டி ஒரு படம் எடுத்தாள். நேரம் மூன்று முப்பத்தொன்று. கால்சட்டையை மிஷின்மேல் போட்டுவிட்டு, தெருவில் போன மோட்டார் சைக்கிள் டாக்சியை நிறுத்திப் பின்னால் ஏறிக்கொண்டாள். டயர் ஒருமுறை முனகியது.

பஸ் நிலையத்தில் பார்சல்களை வண்டியின் வயிற்றுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கோம் சீட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அவித்த நிலக்கடலை தின்றுகொண்டிருந்தான். லூக்குவைப் பார்த்ததும், கால்சட்டையைச் சாய்ப்பிலேயே தந்திருக்கலாமே என்று சிரித்தான். பார்சலைப் பிரி என்றாள். சாவுக்குப் போட்டுப்போகிற ஒரே மாதிரிப் பூத்துணி உடுப்பு பன்னிரண்டு, அளவு கலைந்துவிடும் என்றான். பிரி என்று அதே குரலில் இரண்டாம் தடவை சொன்னாள்.

ஆறு உடுப்புக்கு அடியில், ஆறு உடுப்புக்கு மேலே, தைக்காத துணிச் சுருள் ஒன்று இருந்தது. அதைப் பிரித்தபோது ஷியா வெண்ணெய் வாடை வந்தது. லூக்கு கட்டைவிரலை மெதுவாக வலது காதின் மேல் ஓட்டினாள். சில்லு பெயர்ந்த இடம் இருந்தது. பக்கோமின் கையிலிருந்த கடலை கீழே கொட்டியது.

நாலரைக்கு கேப்டனின் அறையில் எல்லோரும் இருந்தார்கள். அங்காமானையும் கூட்டிவந்து நாற்காலி போட்டார்கள். அம்லான் ஒரு சுவரோரம், அல்லூ எதிர்ச் சுவரோரம். மேசைமேல் இரண்டு உருவங்கள் அருகருகே.

லூக்கு மெதுவாகவே சொன்னாள். செய்தவன் வீட்டு மனிதர் யாருமில்லை என்பதை நகலே சொல்கிறது. வீட்டு மனிதர்களுக்கு அவரைத் தொட்டுத் தெரியும். நகல் செய்யச் சொன்னவனுக்கு அவரைத் தொடத் தெரியாது, பார்க்க மட்டும் தெரியும், அதுவும் கண்ணாடியில். கண்ணாடியில் இடம் வலமாகும், முதுகு தெரியாது. அம்லான் வீட்டுக் கண்ணாடியில் அவர் தெரிகிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான், பக்கோமின் ஸ்டூல்.

தன் போனிலிருந்த படத்தைக் காட்டினாள். பிறகு பக்கோமின் போனை. ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதியில் அதே கண்ணாடி, அதே கோணம், ஏழு படங்கள். புவாகேயில் படத்தைப் பார்த்துச் செதுக்கித் தருகிற ஒருவனிடம் அவன் அதைக் கொடுத்திருந்தான். செதுக்கியவனுக்கு அது ஒரு ஆர்டர், அவ்வளவுதான். நகல் தயாரான பிறகு பக்கோம் சாவிக்குக் காத்திருந்தான். வியாழக்கிழமை சாவு வந்தது, சாவி வந்தது. பாசிமணியைக் கழற்றி மாட்டி, ஆளை மாற்றினான். அருகருகே வைத்துப் பார்த்திருந்தால் காது பக்கம் மாறியிருப்பது தெரிந்திருக்கும். ஆனால் அவன் ஒன்றை எடுத்துச் சுருட்டினான், ஒன்றை வைத்துவிட்டு ஓடினான். விலைபேசியிருந்த வெளிநாட்டுச் சேகரிப்பாளன் செவ்வாய்க்கிழமைதான் அபிஜானில் வந்து இறங்குகிறான். அதுவரை அவர் சாய்ப்பில், துணிக் குவியலில், தன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே படுத்திருந்தார்.

பக்கோம் கடைசியில் வாயைத் திறந்தான். "அம்லான் அக்காவ அதுகிட்டேயிருந்து விடுவிக்கணும்னுதான் செஞ்சேன். ஆண்டவருக்குத் தெரியும்."

"அப்ப அடுப்புல போட்டிருக்கலாம். அதே இடத்துல இன்னொண்ண எதுக்கு வச்சே?" என்றாள் லூக்கு.

கேப்டன் கைகாட்ட, பக்கோமைக் கூட்டிப்போனார்கள்.

கேப்டன் அங்காமானிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. எழுந்து நின்று கைகொடுத்தார். அங்காமான் அதைக் கவனிக்கவில்லை. அவன் நகலை எடுத்து மடியில் வைத்துத் தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பக்கம் மட்டும் பார்த்தே இவ்வளவு செய்திருக்கிறானே, யார் அந்தப் பையன் என்று விசாரித்தான்.

அம்லான் தன்னவரை எடுத்துத் தோளோடு சாய்த்துக்கொண்டாள். அல்லூ நின்ற எதிர்ச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். மூன்று நாளாக யார் போட்டார்கள் என்றான் அல்லூ. வீட்டுக்குப் போய் வள்ளிக்கிழங்கு இடிக்கிறேன் என்றாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

லூக்கு ரசீதுப் படிவத்தை எடுத்துப்போட்டு எழுத ஆரம்பித்தாள். மீட்கப்பட்ட பொருள்: மரச்சிலை ஒன்று. அம்லான் எட்டிப் பார்த்தாள்.

"பொருள்னு எழுதாதீங்க சார்ஜென்டம்மா. அவர் பொருள் இல்ல."

"வேற என்னன்னு எழுத?"

"புருஷன்னு எழுதுங்க."

லூக்கு பேனாவை நிறுத்தி அல்லூவைப் பார்த்தாள். கேப்டனும் பார்த்தார்.

அல்லூ வந்து, மேசைமேல் குனிந்து, அந்த வரியைப் படித்தான். "இது திருட்டுப் பொருளுக்கான தாளு" என்றான். "காணாமப்போன ஆளுக்குன்னு உங்ககிட்டத் தனியா ஒரு படிவம் இருக்குமே?"

லூக்கு எழுதியதைக் கிழித்துப் போட்டாள். அலமாரியைத் திறந்து வேறொரு தாளை எடுத்தாள். பெயர், வயது, உயரம், அங்க அடையாளம் என்று வரிசையாகக் கேட்டது அது. முதல் மூன்றையும் அம்லான் சொன்னாள். நான்காவதை, சார்ஜென்ட் கேட்பதற்கு முன்னாலேயே, அல்லூ சொன்னான்.